அய்யம்மாள் கொண்டுபோன சீர்

ராஜபாளையத்துப் பஞ்சுமில் ஒன்றில் அய்யம்மாளுக்கு ரீலிங்கில் வேலை. ஓடுகிற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி இறக்கும் பகுதி அது. ஷிப்டு முடியும்வரை உட்கார முடியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அந்தச் சம்பளத்தில்தான் தங்கை சண்முகத்தாயைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் என் ஷிப்டு ஒத்து வரலை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

1985 ஆவணியில் தங்கையை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை மொக்கைச்சாமி பட்டாளத்தில் இருந்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவருவது மச்சினன் முறை. கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால் பெரியப்பா மகன் சிவனாண்டி அதைச் செய்தான். தங்கை கல்யாணத்தில் பேச்சு வரவேண்டாம் என்று அய்யம்மாள் விட்டுக்கொடுத்தாள்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஐப்பசியில் தெரிந்தது. சிவனாண்டியின் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தீபாவளி முடிந்த கையோடு அவன் கொத்தனாரைக் கூட்டிவந்து அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"இதுல ஒரு வழி எடுத்துட்டா ரெண்டு வீடும் ஒரே வீடாயிரும். மச்சினன் முறை செஞ்சது நான். இனி இந்த வீட்டுக்கு ஆம்பளைன்னா நான்தானட்டி."

"சுவத்துல கை வச்சா நீங்க ரெண்டு பேரும் மில்லு ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியிருக்கும்" என்று அய்யம்மாள் கொத்தனாரிடம் சொன்னாள். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் பேச்சு போகவில்லை. தெருவில் நாலு பேர், அவன் சொல்வதும் முறைதானே என்றார்கள்.

அடுத்து வந்தது தங்கையின் தலைப்பொங்கல். பிறந்த வீட்டிலிருந்து வெண்கலப் பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, கிழங்கு எல்லாம் போகவேண்டும். பொழுது விடிந்ததும் அந்தப் பானையில்தான் பொண்ணு வாசலில் முதல் பொங்கல் வைக்க வேண்டும். அண்ணனோ தம்பியோதான் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். தங்கையின் மாமியார் வெள்ளத்தாய் மார்கழிக் கடைசியில் நேரிலேயே வந்து சொன்னாள்.

"சீரைச் சிவனாண்டி கொண்டாரட்டும் ஆத்தா. நீ விருந்தாளியா வா. ஆம்பளை கையால வந்தாத்தான் அது சீரு. நாலு சனம் பாக்கும்ல."

"நாலு சனம் இன்னைக்குச் சீரை அவன் கையில பாத்தா, நாளைக்கு என் வீட்டையும் அவன் கையிலதான் அத்தை பாக்கும்."

"வாய் சாஸ்தி உனக்கு."

"மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகிட்டேன்."

பொங்கலன்று விடியும்போதே பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எல்லார் மடியிலும் மஞ்சள்குலை, காலடியில் கிழங்கு மூட்டை. அய்யம்மாள் இடுப்பில் பானையும் தோளில் கரும்புக் கட்டுமாக ஏறினாள். கண்டக்டர் கட்டைப் பார்த்தார்.

"கரும்புக்கு அரை டிக்கெட் போடவா தாயி?"

"உக்கார சீட்டுக் குடுங்க, முழு டிக்கெட்டே எடுக்கேன்."

"எனக்கே சீட்டு இல்ல. மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டுதான் போறேன்" என்றவர், அவள் இறங்கும்போது கரும்பை வாங்கி எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளத்தாய் வீட்டு வாசல் நிறைய ஆள். சேத்தூரிலிருந்து மகள்கள், மருமகன்மார், கொழுந்தன் குடும்பம் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். கோலத்துக்கு நடுவே காவி பூசிய மண்கட்டி அடுப்பு தயாராக இருந்தது. பக்கத்தில் சண்முகத்தாய் புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் சிவனாண்டி காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஒரு வெண்கலப் பானை. அவன் கரும்பு சுவரில் சாய்ந்திருந்தது.

"வா அய்யம்மா. என்னத்துக்கு நீ சிரமப்பட்டுத் தூக்கிட்டு வந்த? நான்தான் கொண்டாந்துட்டேன்ல."

"அதைத் திருப்பித் தூக்கிட்டுப் போண்ணே. மதினி அங்க பானை இல்லாம உக்காந்திருப்பாவ."

மருமகன்மாரில் ஒருவர் சிரித்தார். வெள்ளத்தாய் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"வந்த பிள்ளை உள்ள வா. சாமானை அப்படி ஓரமா வச்சிட்டுக் காப்பி குடி."

"இது ஓரமா வைக்கிறதுக்கு இல்ல அத்தை. அடுப்புல வைக்கிறதுக்கு."

அவள் பானையை இறக்கவில்லை. தெருவில், கோலத்துக்கு வெளியே நின்றாள். பக்கத்து வாசல்களில் பால் பொங்கிக் குலவைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்காரர்கள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார்கள். வெள்ளத்தாய்க்கு அவசரம் வந்துவிட்டது.

"ஏட்டி சண்முகத்தாய், உங்கண்ணன் கொண்டாந்த பானையத் தூக்கி வையி. நல்ல நேரம் போகுது."

சண்முகத்தாய் எழுந்திருக்கவில்லை.

"சொல்லுதேன்ல."

"எந்த வீட்டுல இருந்து என்னைக் கூட்டிட்டு வந்தீகளோ அந்த வீட்டுப் பானைதான் அத்தை அடுப்பேறும். அது தெருவுல நிக்கி."

இத்தனை நீளமாக அவள் அந்த வீட்டில் பேசியது அன்றுதான். வெள்ளத்தாய் மகனைப் பார்த்தாள். லீவில் வந்திருந்த மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தான்.

"என்னையப் பாக்காத. நான் பட்டாளத்துல எவன் பொங்குனாலும் திங்கிறவன். பசிக்கி, யாராச்சும் எதையாச்சும் வைங்க."

சேத்தூர்க் கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொட்டச்சி சீர் தூக்கிட்டு வந்தா அது ஆம்பளையத்த வீடுன்னு ஊருக்கே சொல்லுறாப்ல ஆயிரும் மதினி."

அய்யம்மாள் தெருவிலிருந்தே பதில் சொன்னாள். "ஆம்பளையத்த வீடுதான் மாமா. அது ஊருக்குத் தெரியும். ஆனா வீடு இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. என் தங்கச்சி எப்ப வந்தாலும் கதவு தெறக்கும். இவன் வீட்டுக்கு அவளைப் போகச் சொல்லுங்க பாப்போம், மத்தியானச் சோறு கெடைக்குதான்னு."

சிவனாண்டி டம்ளரைக் கீழே வைத்தான். "எம்புட்டுத் திமிரு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னான்.

சண்முகத்தாய் எழுந்தாள். கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். அக்காவின் இடுப்பிலிருந்து பானையை வாங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் விலக வேண்டியிருந்தது, விலகினார்கள். அவள் பானையை அடுப்பில் வைத்து, மஞ்சள்குலையை அதன் கழுத்தில் கட்டி, பாலை ஊற்றித் தீயை மூட்டினாள். வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் பால் நுரைத்து விளிம்பு தாண்டியபோது முதலில் குலவை போட்டது அவள்தான். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது என்று பிறகு மகள்களிடம் சொன்னாளாம்.

பந்தியில் அய்யம்மாளுக்கு இலை போட்டது சிவனாண்டிக்கு நேர் எதிரே. சர்க்கரைப் பொங்கலைப் பிசைந்தபடி அவன் சொன்னான், "அடுத்த வருஷம் பாப்போம்."

"பாரு. எல்லா வருஷமும் பஸ்ஸு ஓடும்."

அதற்கடுத்த பொங்கலுக்கும் அவள்தான் போனாள். சீரை வெள்ளத்தாய் வாங்கிக்கொண்டாள். சுவரைப் பற்றிய பேச்சு மட்டும் நிற்கவில்லை. தெருக்காரர்கள் இதைப் பொங்கலோடு முடிகிற பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தால் மாமன் வேண்டுமே, அப்போது தானே வந்து கூப்பிடுவாள் என்று சிவனாண்டி சொல்லித் திரிந்தான்.

சண்முகத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. 1988 தை மாதம், பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் கலைவதற்குள் காதுகுத்தை வைத்துக்கொண்டார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். வெள்ளத்தாய் யாரையும் கேட்காமல் சிவனாண்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் சலவை வேட்டியில் வந்து முன்னால் நின்றான்.

ஆசாரி மனையைப் போட்டு, சந்தனம் குழைத்து, கம்பியைத் துடைத்து வைத்தார். "மாமன் வந்து உக்காரலாம்" என்றார்.

சிவனாண்டி வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்தான். அதற்குள் அய்யம்மாள் மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிட்டி. அது மாமன் இருக்கிற எடம்."

"அதான் இருக்கேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சேத்தூர்க் கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மொக்கைச்சாமி அவர் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தான். சண்முகத்தாய் அக்காவின் பின்னால் போய் நின்றாள். குழந்தை வெள்ளத்தாயின் தோளில் இருந்தது. அவள் சிவனாண்டியைப் பார்த்தாள், அய்யம்மாளைப் பார்த்தாள், மனையிலிருந்து நீட்டியிருந்த இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"துள்ளும். தலைய அசைய விடக் கூடாது. பிடிப்பியா?"

"பிடிப்பேன் அத்தை."

வெள்ளத்தாய் குனிந்து குழந்தையை அவள் மடியில் வைத்தாள். "குத்துங்க ஆசாரி" என்றாள்.