இரண்டு சிலிண்டரும் ஒரு மேடும்

போன ஞாயிற்றுக்கிழமை நடுமேட்டில் நின்றுவிட்டோம். நான், என் மனைவி வசந்தி, அவளுடைய தங்கை சுபா. கூடவே சுபாவின் ஜப்பான் குட்டிக் கார்!

சுபா ஜேர்மனியில், எசன் நகரில் இயந்திரப் பொறியாளர். அந்தப் பழைய காரைக் கப்பலில் எடுப்பித்து, இரண்டு குளிர்காலம் கராஜே கதியென்று கிடந்து, எஞ்சினைக் கழற்றிப் பூட்டி உயிர் கொடுத்தவள். ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தும் ஆயிற்று. ஆனாலும் ரூர் ஆற்றங்கரையிலிருந்து ஏறும் அந்த மேட்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும்.

"அத்தான், வாற ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ஊர்வலத்திலயும் ஏறாட்டி வித்துப்போடுவன்" என்றாள். வாங்குகிறவருக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்து பார்க்க நேரம் குறித்து டெர்மினும் கொடுத்துவிட்டாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அது லேசுப்பட்ட எஞ்சின் இல்லை. வரிச் சலுகை வேண்டுமானால் எஞ்சின் முந்நூற்று அறுபது சிசிக்குள் என்று ஜப்பானில் ஒரு காலத்தில் கோடு கிழித்துவிட்டார்கள். அதற்குள் ஒரு குடும்பத்தையே இழுக்க வேண்டும்... எப்படி? மோட்டார் சைக்கிளில் கற்ற வித்தையைக் காருக்குள் கொண்டுவந்தார்கள் — இரண்டு சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எஞ்சின். சுபாவின் காரில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். கார் முழுக்க உதறும். அந்த உதறலை அடக்கத் தனித் தண்டு, பிறகு தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்று பின்னால் வந்தவர்கள் முன்னேறிப் போனார்கள். சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்!

சரி, மேட்டுக்கு வருவோம். எஞ்சின் கொஞ்சம் சத்தம் போட்டாலே சுபா அடுத்த கியருக்குப் போய்விடுவாள். வேலைக்குப் போகும் டீசல் காரில் பழகிய கை. அன்றும் அப்படித்தான். கார் இரண்டு முறை விக்கியது, நின்றது.

பின்னால் ஹோர்ன் சத்தம். ஜப்பான் கார், ஸ்டியரிங் வலப்பக்கம். ஜேர்மனியில் ஓட்டுகிறவர் இருக்கும் இடப்பக்கம் இருந்தவன் நான். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்!

"கொஞ்சம் முறுக்கன்ரி!" என்றாள் பின்சீட்டிலிருந்து வசந்தி.

"ஏலாதக்கா. சின்ன எஞ்சின், பாவம்..."

அவ்வளவுதான். வசந்திக்கு வந்ததே கோபம்!

"மோட்டச்சைக்கிள்ல இருந்து வந்த எஞ்சின் எண்டு நாள் முழுக்க நீதானே சொல்லுறாய்? உன்ர மோட்டச்சைக்கிளை அலற அலற ஓடுறாய். இதை மட்டும் ஏன்ரி பிரேதம் கொண்டுபோற மாதிரி ஓடுறாய்?"

சுபா கண்ணாடியில் அக்காவைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மெதுவாகச் சுற்றினால் இந்த எஞ்சினில் பலமே இல்லை. வேகமாகச் சுற்றச் சுற்றத்தான் அதற்கு உயிர். அது அவளுக்குத் தெரியாததா? கைக்குத்தான் தெரியவில்லை!

முதல் கியர். மிதித்தாள். எஞ்சின் வீரிட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சுற்றுக் காட்டும் முள் எட்டாயிரத்தைத் தொட்டபோதுதான் இரண்டாவது கியர்... ஏறியது ஐயா, ஏறியது! வழியில் ஒரு பெரிய ஆறு சிலிண்டர் கார் பொனட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அதையும் தாண்டி உச்சிக்கே போய்விட்டோம். அங்கே நின்ற ஜேர்மன்காரர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

சுபா இறங்கியதும் முதல் வேலையாக வாங்குகிறவருக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்டு, டெர்மினை ரத்துச் செய்தாள்.

யோசித்துப் பார்க்கிறேன். பாவம், சின்னது, இதால் ஏலாது என்று பொத்திப் பொத்தி வைத்தே எத்தனை பேரை மேடேற விடாமல் தடுத்திருப்போம்? அவர்கள் கேட்டது இரக்கத்தையா? கொஞ்சம் சத்தம் போட இடம் கொடுத்திருந்தால் போதுமே...

திரும்பி இறங்கும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "இறக்கத்திலயாவது மெல்லமாப் போடி!"