பீன்யாவில் கேட்டு வந்த என்சைம் விலை

ஆடி இரண்டாவது வாரம் திருப்பூரிலிருந்து பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போய் ஒரு இரவு தங்கி வந்தேன். ஊர் சுற்ற அல்ல, தொழில் விஷயம். நான் பனியன் துணி வாஷிங் யூனிட் வைத்திருக்கிறேன். துணியின் மேல் நிற்கும் பிசிறை எடுக்க செல்லுலேஸ் என்ற என்சைம் போடுவோம். தாவர நாரைக் கரைக்கும் சரக்கு அது. பருத்தியும் தாவர நார்தானே, பிசிறு கரைந்து துணி வழுவழுவென்று வரும். மாதம் நாற்பது கிலோ வாங்குகிறேன். கோதுமைத் தவிட்டில் பூஞ்சை வளர்த்து இதை நாமே எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்ததும் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

என்ன செலவாகும் என்று விசாரித்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். அதனால் ஆனி முடிவதற்குள் ஷெட்டில் ஒரு அறையைத் தடுத்து, டைல்ஸ் ஒட்டி, ஏசி மாட்டி, பூஜையும் போட்டாயிற்று. அறையைப் பார்த்துக்கொள்ள என் மனைவியின் தம்பி செந்தில், பதினோரு வருடம் பார்த்த சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்தான். விசாரிப்பது தொடக்கத்தில் சேராது என்பதால் அதை மட்டும் ஆடிக்கு ஒதுக்கினோம். எங்கள் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

காலை ரயிலில் ஏசி இருக்கை 610 ரூபாய். மதியம் ஒரு மணிவாக்கில் பெங்களூர். மெஜஸ்டிக் பக்கம் லாட்ஜ் 1,100 ரூபாய், வெந்நீர் வந்தது. மறுநாள் எட்டரைக்கு மெட்ரோ, அறுபது ரூபாய், இருபத்தைந்து நிமிடம். பூஞ்சை வளர்த்து என்சைம் எடுக்கும் ஷெட் ஒன்றைத் தேடித்தான் போனேன்; ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்.

"பீன்யான்னா எத்தினியாவது ஸ்டேஜ் சார்? அது தெரியாம வந்தா நாள் பூரா சுத்தணும்" என்றார் ஆட்டோக்காரர், தமிழிலேயே. தொழிற்பேட்டையை ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்திருக்கிறார்கள். செகண்ட் ஸ்டேஜ் என்றேன். எண்பது கேட்டு அறுபதுக்கு வந்தார்.

ஷெட்டை நடத்துபவர் புஷ்பா. பெங்களூர் மர்பி டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழ், வேலையாட்களிடம் கன்னடம். அடுக்கடுக்காக டிரேக்கள், அவற்றில் வெந்த தவிடு, அதன் மேல் பூஞ்சை. நனைந்த சாக்கு வாசனை. நான் உத்தேசமாகச் செலவுக் கணக்குப் போட்டிருந்த நோட்டை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"தவுடு போட்டிருக்கீங்க, கரன்ட் போட்டிருக்கீங்க. கெட்டுப்போற டிரே எங்க சார்?"

"கெட்டுப்போகுமுங்களா?"

"மழை டைம்ல நாலுக்கு ஒண்ணு போகும். வேற பூஞ்சை வந்து உக்காந்துக்கும். அப்புறம் டெஸ்டிங். ஒவ்வொரு பேட்ச்சும் வேற வேற வீரியத்துல வரும் சார். பாக்காம ஊத்தினா உங்க பனியன் சல்லடை ஆயிடும்."

நோட்டின் பின்பக்கத்தில் அவரே எழுதினார். நீராவி, குளிரூட்டல், டெஸ்ட் செய்யப் படித்த ஒருவருக்குச் சம்பளம். நாற்பது கிலோ எடுத்தாலும் நானூறு கிலோ எடுத்தாலும் அந்தச் சம்பளம் ஒன்றுதான். என் அளவுக்கு, நான் இப்போது வாங்கும் விலையைப் போல மூன்று மடங்கு வந்தது.

"நானே துணிக்கு விக்கிறதில்ல சார். பெரிய டேங்க்ல என்சைம் எடுக்கறவங்க ரேட்டுக்கு நம்மால நிக்க முடியாது. கோழித் தீவனத்துல கலக்கத்தான் குடுக்கறேன். வீரியம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா கோழி கம்ப்ளைன்ட் பண்ணாது."

"நானூறு கிலோ எடுத்து அக்கம்பக்கம் வித்தா?"

"அப்போ நீங்க வாஷிங் யூனிட் இல்ல, என்சைம் கம்பெனி. அது வேற பொழப்பு சார்."

எனக்கு முகம் சிறுத்துப்போயிற்று. அறையைக் குடோனாக வைத்துக்கொள்ளலாம். செந்திலை எங்கே வைப்பது?

பதினொன்றரைக்கு வெளியே வந்து அவனைக் கூப்பிடப் போனை எடுத்தேன். இந்த மாதிரி விஷயத்தைப் போனில் சொல்வது மரியாதை இல்லை, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பப் பையில் வைத்துவிட்டேன். இரண்டேகால் ரயிலைப் பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: சாப்பாட்டையும் சேர்த்து எனக்கு மொத்தம் 3,040 ரூபாய் ஆனது. எந்த ஸ்டேஜ், எத்தனையாவது கிராஸ், அதாவது குறுக்குத் தெரு, என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்சைமைக் கிலோ விலையில் ஒப்பிடாதீர்கள், வீரியத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள். மாதம் எத்தனை கிலோ செலவாகிறது என்பதைச் சொன்னால் புஷ்பா போனிலேயே பதில் சொல்லிவிடுவார். அறை கட்டுவதும் ஆள் அமர்த்துவதும் அதற்குப் பிறகு.

எட்டு மணிக்குத் திருப்பூர். செந்தில் பைக்கோடு நின்றிருந்தான். வண்டி நிறுத்தும் இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் என் பையை வாங்கி பைக்கின் டேங்க் மேல் வைத்துக்கொண்டான்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குப் பழைய மொதலாளி கூப்புட்டாருங்க மச்சான்" என்றான். "வர்றியா, வேற ஆளப் போட்டுக்கட்டுமான்னு கேட்டாரு. போட்டுக்கங்கன்னு சொல்லிட்டனுங்க."