இடப்பக்கத்தால் அடித்தவர்கள்

எங்கள் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளருக்கு இடக்கண் தெரியாது. சின்னப் பிள்ளையாக முள்ளிவாய்க்காலில் இருந்தபோது பட்ட காயம். கோல் கம்பங்களுக்கிடையில் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பியபடி நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அது திமிர் போலத் தெரியும். உண்மை அணிக்குள் இருந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் விரும்பினாள்.

முன்களத்தில் ஆடியவள் என் மச்சாள், மாமாவின் மகள். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஒன்றாகப் பந்தடித்து வளர்ந்தோம். போட்டிப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன் வவுனியாவிலுள்ள பெரிய கல்லூரி ஒன்று அவளைக் கூப்பிட்டது. விடுதி, நல்ல சப்பாத்து, புல்தரை. போய்விட்டாள். அதில் எனக்குக் கோபமில்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன்.

முதல் ஆட்டமே அவர்களோடுதான், அவர்களுடைய மைதானத்தில். இடைவேளை வரை ஒரு கோலும் விழவில்லை. எங்கள் காப்பாளர் பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். மறுபாதி தொடங்கியதும் மச்சாள் கைகளை வாயருகே குவித்துத் தன் அணியினரைப் பார்த்துக் கத்தினாள்.

“அவளின்ர இடப்பக்கத்தால அடியுங்கோடி! அந்தக் கண் அவளுக்குத் தெரியாது!”

மைதானம் முழுக்கக் கேட்டது. வேலியோரம் நின்ற பெடியள் “ஒற்றைக்கண்ணி” என்று கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள். நான்கு கோல்கள், நான்கும் ஒரே மூலையில்.

திரும்பும் வழியில் மாங்குளத்தில் தேநீர் குடிக்க எல்லோரும் இறங்கினோம். காப்பாளர் மட்டும் பஸ்ஸிலேயே இருந்தாள். நான் திரும்பி ஏறி அவளருகில் உட்கார்ந்தேன்.

“இனி நான் விளையாட வரேல்லை,” என்றாள்.

“வா. அவளை நான் விடமாட்டன்,” என்றேன்.

அடுத்த கிழமை பயிற்சியாளர் மிஸ் அவளை இடது ஓரத்தில் முன்னால் ஆடவிட்டார். அங்கே ஆடினால் தெரியாத கண் எல்லைக்கோட்டுப் பக்கம். மைதானம் முழுவதும் தெரியும் கண்ணுக்குள் வந்துவிடும். கோலுக்குள் யார் நிற்பது என்று மிஸ் கேட்டபோது நான் கையை உயர்த்தினேன். அதுவரை பின்களத்தில்தான் ஆடியிருந்தேன். பாயவும் விழவும் அவளே எனக்குப் பழக்கினாள். முழங்கை தோலுரிந்து எரியும்போதெல்லாம் மச்சாளின் குரலை நினைத்துக்கொள்வேன். எரிச்சல் மறந்துபோகும். மற்ற அணிகளில் சிலரை வென்றோம், சிலரோடு சமன் செய்தோம். எனக்கு அவை எதுவும் பொருட்டில்லை.

கிளிநொச்சியில் அரையிறுதி. எதிரில் அவர்கள். எங்கள் பழைய காப்பாளர் இடது ஓரத்தால் ஓடிப்போய் உயர்த்திக் கொடுத்த பந்தை எங்கள் பிள்ளை ஒருத்தி தலையால் முட்டிக் கோலாக்கினாள். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவள் மச்சாள்.

பயந்துவிட்டால் அவள் எப்போதும் என் வலப்பக்கம் தாழ்வாகத்தான் அடிப்பாள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஆகவே அவளைப் பயப்படுத்த வேண்டும்.

“மச்சாள், எந்தப் பக்கத்தால அடிக்கப் போறாய்?” என்று உரக்கக் கேட்டேன். “கத்திச் சொல்லன், எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவள் முகம் வெளிறியது. நடுவர் என்னை எச்சரித்தார். விசில் ஊதி அவள் காலை வீசியதும் நான் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்தும் அங்கேதான், நேராக என் நெஞ்சுக்குள் வந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவள் புல்லில் குந்தியிருந்து அழுதாள். எதிரே போய் நின்று பார்த்தேன். அவ்வளவு காலமும் காத்திருந்தது அதற்குத்தான். இனித்தது. அதை மறைப்பதற்கில்லை.

அப்போது எங்கள் பழைய காப்பாளர் வந்து அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

“உனக்கு வெக்கமில்லையே?” என்று தூக்கிவிட்டவளிடம் கேட்டேன்.

“கண் என்ரதடி. உனக்கென்ன?” என்றாள்.

இறுதி ஆட்டத்தில் படுதோல்வி. எனக்கு அது வலிக்கவேயில்லை.

நாங்கள் எல்லோரும் கல்லூரி முடித்து வெளியேறிய பிறகு, போன தையில் மச்சாளுக்குக் கல்யாணம். வீட்டில் எல்லோரும் போனார்கள், நான் போகவில்லை. எங்கள் பழைய காப்பாளர் போய்வந்து, “புரியாணி நல்லா இருந்தது,” என்றாள். நான் அவளோடும் சில நாள் கதைக்கவில்லை.