ரிடோட்டோவில் கரடி

தலையை மாட்டுவதற்கு முன் அழகேசன் அதற்குள் மூக்கை விட்டு ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். முந்தின நாள் அவரே துடைத்து வெயிலில் காயவைத்ததுதான், ஆனாலும் பார்ப்பார். பிறகு நெற்றியில் பழைய பனியனைச் சுற்றிக் கட்டி, வாயில் ஓர் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு, கரடித் தலையை இறக்கிக்கொள்வார். அதன் பிறகு பேச்சு கிடையாது. "கரடி பேசினா புள்ளைங்க பயந்துக்கும்" என்பது அவர் கட்சி.

வயது ஐம்பத்து மூன்று. குமணன்சாவடியில் உள்ள ஓர் ஈவென்ட் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடங்களாகப் பிறந்தநாள் விழாக்களிலும் நகைக்கடைத் திறப்புகளிலும் கரடியாக நிற்கிறார். ஒப்புக்கொண்ட நாளுக்கு வராமல் இருந்ததே இல்லை. ஒருமுறை காய்ச்சலோடு வந்து நின்றார். "உள்ள கொதிக்குதா வெளிய கொதிக்குதான்னே தெரில" என்று அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

கரடிக்குக் கண் வாயில் இருக்கிறது. அங்கே தைத்திருக்கும் வலைத்துணி வழியாக எதிரில் நிற்பவரின் மார்பிலிருந்து முழங்கால் வரைக்கும்தான் தெரியும். ஆகவே கை, வளையல், தொப்பை, சட்டைப் பையில் பேனா செருகும் விதம், இவைதான் அவருக்கு மனிதர்கள். தெருவில் யாராவது முகம் மலர்ந்து வணக்கம் வைத்தால் திருதிருவென்று முழிப்பார். அவர்கள் கையை ஆட்டிப் பேசத் தொடங்கியதும் பேரோடு சொல்லிவிடுவார்.

கம்பெனியில் வேறு கரடிகளும் உண்டு. ஆனால் விடைபெறும்போது இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை மூன்று முறை சுழற்றி, காதைத் தொட்டு முடிக்கும் அந்த டாட்டா இவருக்கு மட்டுமே சொந்தம்.

மகள் லாவண்யா ஐ.டி.யில் இருக்கிறாள். கூட வேலை செய்யும் சரவணக்குமாரைப் பிடித்துப்போய், இரு வீட்டிலும் பேசி, தை மாதம் நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. பையனின் அப்பா சுப்பராயன் ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூம்பலில் சொந்த ஃபிளாட். கைக்கடிகாரத்தின் முகப்பை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டும் ஆள். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் லாவண்யா அப்பாவிடம் வந்து உட்கார்ந்து, "பொய் சொல்ல வேணாம் நைனா. கரடின்னு மட்டும் சொல்லாத" என்றாள். அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஏலக்காயோடு சேர்த்து மென்றுவிட்டார். மறுநாள் சுப்பராயன் கேட்டதற்கு, "ஈவென்ட் லைன்ல கீறேங்க" என்றதோடு சரி.

அடுத்த மாதமே அந்த வீட்டுப் பேத்தி ரோஷினிக்கு ஆறாவது பிறந்தநாள். கரடியாகப் போனவர் இவரே. உள்ளே யார் என்று தெரியாமலே சம்பந்தி கரடியின் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். தோளை நோக்கி நீண்ட கடிகாரக் கையை வலை வழியாகப் பார்த்துவிட்டுக் கரடி தேமே என்று நின்றது.

வம்பு ரிடோட்டோ ரூபத்தில் வந்தது. அதே அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் நிவேதிதா, கோயம்புத்தூர்ப் பெண். வருடக் கடைசிக் கொண்டாட்டம் புதுமையாக இருக்க வேண்டும் என்று எங்கெங்கோ தேடி இந்த இத்தாலியச் சொல்லைப் பிடித்து, விழாவை அழகேசனின் கம்பெனியிடம் ஒப்படைத்து, சொல்லின் கதையையும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ரிடோட்டோ என்றால் முதலில் ஒதுங்கிய அறை என்றுதான் பொருளாம். வெனிஸ் நகரத்துப் பணக்காரர்கள் கூடிச் சூதாட ஒதுங்கிய அறைகளுக்கு அந்தப் பெயர் நின்றது. ஊரெல்லாம் இப்படி ஒதுங்குகிறதே என்று 1638இல் அரசாங்கமே ஒரு மண்டபத்தைத் திறந்துவிட்டது. ஆட வருகிறவர்கள் முகமூடி போட்டே ஆக வேண்டும். 1774இல் அரசாங்கமே இழுத்து மூடியது. அதற்குள் சொல் மட்டும் கப்பலேறி லண்டன் போய், பாட்டும் நடனமுமான முகமூடிக் கேளிக்கைக்குப் பெயராகிவிட்டது.

இதில் ஒரு வரிதான் அழகேசனைப் பிடித்தது. வெனிஸ் மண்டபத்தில் மேசையில் நின்று ஆட்டத்தை நடத்தியவர்கள், நொடித்துப்போன பிரபுக்கள், முகமூடி இல்லாமல் வெறும் முகத்தோடு நிற்க வேண்டுமாம். நூம்பலில் சீட்டுக்குப் பதில் தம்போலா. பையில் கைவிட்டு எண் எடுத்துக் கூவும் வேலை அழகேசனுக்கு. முகமூடி கிடையாது.

"நம்ம தொழில்ல வேலை செய்றவன்தானேம்மா மூடிக்கணும்? நான் கரடியாவே கூவுறேனே" என்று கேட்டுப் பார்த்தார். கரடி பேசாது என்ற கொள்கையைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார் என்றால் பாருங்கள். நிவேதிதா, "கான்செப்டே அதுதானுங்கண்ணா" என்று முடித்துவிட்டார்.

வர முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். விழா சனிக்கிழமை மாலை ஐந்துக்கு. சுப்பராயன் சனிக்கிழமைதோறும் வேப்பம்பட்டில் வாங்கிப் போட்ட மனைக்குப் போய்த் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, ரயில் பிடித்துத் திரும்ப ஏழரை ஆகும். ஆள் இருக்கமாட்டார், அவர் இல்லாமல் அந்த வீட்டில் யாரும் விழாவுக்கு இறங்கமாட்டார்கள் என்று தைரியமாகப் போனார். தாத்தா கூட வந்தால்தான் முகமூடி போடுவேன் என்று பேத்தி அழுததும், அதனால் அந்த வாரம் தென்னங்கன்றுகள் காய்ந்ததும் அவருக்கு எப்படித் தெரியும்?

எல்லோரும் வீட்டிலேயே முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். பத்தாவது எண்ணைக் கூவிக்கொண்டிருந்தபோது, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு கேட்டு ஒரு கை மேசைக்கு மேல் நீண்டது. கடிகாரம் உள்பக்கம் இருந்தது. அழகேசன் நிமிர்ந்தார். தங்கநிற முகமூடி அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் வெறும் முகத்தோடு நிற்பது எப்படியிருக்கும் என்பது இருபத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மகளின் நிச்சயம் இந்த மேசையிலேயே முறிந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இன்னும் ஒரு வழி இருந்தது. ஈவென்ட் லைன் என்றுதானே சொல்லியிருந்தார்? எண் கூவுவதும் அதில் சேர்த்திதான். அப்படியே ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ரோஷினி, கன்னத்தைக் குத்திய முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, "கரடி ஏன் வரல? இது எல்லாமே பேய் மாதிரி இருக்கு" என்று தேம்ப ஆரம்பித்தாள். அம்மா தூக்கிப் பார்த்தாள். நிவேதிதா சாக்லேட் நீட்டினார். அழுகை ஏறிக்கொண்டே போனது.

அழகேசன் பையை மேசைமேல் வைத்தார். சம்பந்தியின் முகமூடியை ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை மூன்று முறை சுழற்றி, காதைத் தொட்டார்.

அழுகை பாதியில் நின்றது. குழந்தை அவர் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "தாத்தா, கரடி" என்றாள்.

சுப்பராயன் தங்க முகமூடியை நெற்றிக்குமேல் தள்ளிவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அழகேசன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கடிகாரம் கட்டிய கையை எண் பைக்குள் விட்டார்.