எடுத்தேன், எடுத்தோம்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நின்ற காரணத்தை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வாத்தியாரும் இப்போது இருக்க மாட்டார். இனி எழுதலாம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலையில் குண்டனி நாட்டில் எங்கள் ஊர். அந்த வருசம் மழை இல்லை. கோயிலை ஒட்டி ஒரு கொட்டகை உண்டு. ஊருக்குப் பொதுவான விதைச் சாமை அதில் இருக்கும். எவ்வளவு பசி வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. அது சாமிக்குச் சொந்தம். அதில் ஒரு மூட்டை காணாமல் போனது.

எடுத்த வீட்டை ஒதுக்கி வைப்போம் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். அவர்தான் ஊருக்குத் தலைவர். ஒதுக்கி வைத்தால் நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது, செத்தால் தூக்க ஆள் கிடையாது.

எடுத்தது என் அப்பா. மூட்டை எங்கள் அடுப்புக்கு மேலே பரணில் இருந்தது. அம்மா அதில் கஞ்சி காய்ச்சினாள். நானும் தம்பியும் குடித்தோம். “வாயைத் தொறந்தா நாம இல்லை” என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு யார் என்னைக் கூப்பிட்டாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் திரும்புவேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் நாடகம் வந்தது.

வாத்தியார் கீழ்நாட்டு ஆள், மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிப் பக்கம். சின்ன வயசு. பாடம் வாசிக்கச் சொன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே ராகத்தில் இழுப்போம். அதை மாற்றத்தான் நாடகம் சொல்லிக் கொடுத்தார். முதலில் சந்தையில் மாடு விற்கிற காட்சி. மாடாக நின்ற பையன் தினமும் சிரித்துக் கெடுத்தான்.

“ஏன்டா, மாடு சிரிக்குமா?”

“இவன் பல்லப் புடிச்சுப் பாக்கறானுங்க. கூசுதுங்க.”

“பல்லப் பாக்காம எவன் மாடு வாங்குவான்?”

“எனக்கு இந்த மாடு வேண்டாமுங்க. வாய் நாறுதுங்க” என்றான் வாங்க வந்தவன்.

வாத்தியாரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன்.

அடுத்தது தனிப்பேச்சு. ஒரே ஆள் நின்று பேச வேண்டும். ஆளுக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். ஒருவனுக்கு வேட்டைக்காரன் பேச்சு. ஒருவனுக்குப் புலியைப் பார்த்தவன் பேச்சு. பொம்பளைப் பிள்ளை நான் ஒருத்திதான். எனக்கு வந்தது திருடன் பேச்சு.

காகிதத்தை வாங்கி வாசித்தேன். இவருக்குத் தெரிந்துவிட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

“உனக்குக் குரல் அடங்கி வருது கண்ணு. திருடன் கத்த மாட்டான். அதான் உனக்குக் குடுத்தேன்” என்றார்.

அதில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. ‘நான்தான் எடுத்தேன். பசி தாங்கவில்லை. நெல் மூட்டையை எடுத்தேன். புதரில் ஒளித்தேன். என் நிழலைக் கண்டாலே நடுங்குகிறேன்.’

நான் ஒப்பித்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

“எழுத்தை மறந்துரு சாமி. நீ கண்ணால பாத்ததை நினைச்சுக்க. உள்ள இருக்கறது தானா வாயில வரட்டும்.”

எனக்கு இருந்த பயமே அதுதான். உள்ளே இருப்பது வாயில் வந்துவிடக் கூடாது. எட்டு நாளும் எழுத்து மாறாமல் ஒப்பித்தேன். எட்டு நாளும் தலையை ஆட்டி, போதாது என்றார்.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றினார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் புல் வேய வந்திருந்தார்கள். அப்பா கூரை மேலே இருந்தார். ஊர்க்கவுண்டர் கீழே நின்று புல் கட்டு எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் எங்களை எதிரே இருந்த கோயில் வெளிக்குக் கூட்டிப் போனார். அங்கே தரையோடு தரையாக ஒரு அகலக் கல் கிடக்கும். சத்தியக் கல். அதில் வெறுங்காலோடு நின்று சொன்னால் சாட்சி வேண்டாம். சொன்ன சொல் சொன்னதுதான்.

வாத்தியாருக்கு அது தெரியாது. “மேடையாட்டம் நல்லா இருக்குதே” என்றார். “ஏறு கண்ணு.”

மாட்டுப் பையன், “அதுல வேண்டாமுங்க” என்று முனகினான்.

“மாட்டுக்கு இப்ப பேச்சு இல்லை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாத்தியார் சொன்னால் கேட்க வேண்டும். ஏறினேன். கல் சுட்டது. கூரையில் அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் காகிதத்தில் இருந்த எழுத்து எல்லாம் போய்விட்டது. வாய் மட்டும் பேசியது.

“எடுத்தோம். பசி தாங்கலை. சாமை மூட்டையை எடுத்தோம். பரண்ல வெச்சோம். நிழலப் பாத்தாலும் நடுக்கமா இருக்குது.”

“இதுதான்” என்றார் வாத்தியார். கையைக்கூடத் தட்டினார். கூட யாரும் தட்டவில்லை. கூரையில் வேலை நின்றிருந்தது.

ஊர்க்கவுண்டர் வந்தார். “எறங்காத சாமி. அங்கயே நில்லு. எடுத்தோம்னியே, யாரு யாரு?”

நான் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க, அது நாடகமுங்க” என்றார் வாத்தியார், சிரித்துக்கொண்டே.

“நாடகம் தரையில ஆடுவாங்க. கல்லு மேல இல்லீங்க. கீழ்நாட்டுக்காரரு, உங்களுக்குத் தெரியாது. இந்தப் புள்ளைக்குத் தெரியும்.”

“இவ ஊட்டுப் பரணைப் பாத்துட்டாப் போச்சு” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. என் கையில் இருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

“நான் எழுதிக் குடுத்ததைத்தானுங்க அது சொல்லுச்சு.”

“அப்பிடீன்னா நீங்களே ஏறி வாசியுங்க. செருப்பைக் கழட்டிப்போடுங்க.”

நான் இறங்கினேன். அவர் ஏறினார். காகிதத்தைப் பிரித்து, வரி வரியாக விரல் வைத்து வாசித்தார்.

“எடுத்தோம். பசி தாங்கலை. சாமை மூட்டையை எடுத்தோம். பரண்ல வெச்சோம்.”

நான் பக்கத்திலேயே நின்றேன். விரல் ‘எடுத்தேன்’ மேல் இருந்தது. ‘நெல்’ மேல் இருந்தது. ‘புதர்’ மேல் இருந்தது. பெரியவர்களில் எழுத்துத் தெரிந்த ஆள் அங்கே ஒருவரும் இல்லை. அவர் கால் விரல்கள் கல்லைக் கவ்விப் பிடித்திருந்தன.

“சாமைன்னு எதுக்கு எழுதுனீங்க?”

“மலையில நெல்லுன்னு எழுதுனா ஒட்டாதுங்க.”

ஊர்க்கவுண்டர் வாத்தியாரின் காலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “பேச்சு வாத்தியாருது. யாரு பரணையும் பாக்க வேண்டாம்” என்றார். வாத்தியாரிடம், “பொய்யை எழுதிக் குடுத்து எங்க புள்ளையக் கல்லு மேல ஏத்திட்டீங்க. நாளைக்கு நீங்க இந்த ஊர்ல இருக்கக் கூடாதுங்க” என்றார்.

“சரிங்க.” காகிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

வீட்டில் அப்பா, “அதை வாசி” என்றார். எழுதியிருந்தபடியே வாசித்தேன். எடுத்தேன், நெல், புதர். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு வாங்கி அடுப்பில் போட்டார்.

“அப்ப அந்தாளுக்குத் தெரியும்.”

“தெரியுமுங்கப்பா.”

மறுநாள் வாத்தியார் பெட்டியைத் தூக்க யாரும் வரவில்லை. அப்பா போய்த் தூக்கினார். பேளுக்குறிச்சி வரை இறங்கி, ஏறி வர வேண்டும். அவர் வரும் வரை வாசலில் நின்றேன். வழியில் வாத்தியார் மனசு மாறிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துக் கால் மரத்துப்போனது.

அப்பா வந்தார். “என்னங்கப்பா பேசுனீங்க?”

“ஒண்ணும் பேசலை. அவரும் பேசலை.”

எங்கள் ஊருக்கு வேறு வாத்தியார் வரவில்லை. பரணில் மிச்சம் இருந்ததை அம்மா அதற்குப் பிறகு காய்ச்சவில்லை. கிழங்கு தோண்டித் தின்றோம். விதைப்புக்கு முன்னால் ஒரு நாள் கொட்டகை வாசலில் அரை மூட்டைச் சாமை கிடந்தது. ஊர் கூடிப் பார்த்தது. நான் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊர்க்கவுண்டர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கரி படிந்திருந்தது. அடுப்புக்கு மேலே இருந்த சாமை அப்படித்தான் இருக்கும். என் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

“உள்ள எடுத்து வையுங்க” என்றார். யாரையும் கல்லில் ஏறச் சொல்லவில்லை.