கோமதி தந்த கரித்துண்டு

அன்புள்ள எஸ்தர்,

இந்த அகாலத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள். என் பயல் இப்போதுதான் பால் குடித்து, மடியை விட்டு இறங்கித் தூங்குகிறான். அவன் சிணுங்குவதற்குள் முடிக்க வேண்டும்.

உன் கார்டு மத்தியானம் சுரண்டைக்கு வந்து சேர்ந்தது. பெண் குழந்தை பெற்ற மறுநாளே நம் கோமதி தென்காசி ஆஸ்பத்திரியில் போய்விட்டாள் என்று எழுதியிருந்தாய். திரும்பத் திரும்பப் படித்தும் அந்தப் பெயர் வேறு யாருடையதாகவோ இருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருடத்துச் சாரலில் நாம் மூவரும் குற்றாலம் போனோமே, நினைவிருக்கிறதா? நீ அருவியை விட்டு வெளியே வரவே இல்லை. நானும் அவளும் பாறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தோம். ரசாயனச் சமன்பாடு எனக்கு ஏறவே ஏறாது. அவள் வறுகடலைக்காரியிடம் ஒரு கரித்துண்டு வாங்கி, H₂ + O₂ = H₂O என்று பாறையில் எழுதி, "சரிக்கட்டு பாப்போம்" என்றாள். வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைந்தது. நான் அங்கே சின்னதாக ஒரு 2 போட்டு H₂O₂ ஆக்கினேன்.

"எண்ணிக்கை சரிதாம்ட்டி. தண்ணி எங்க? இது வேற ஆளுல்லா!" என்று சிரித்தாள். "எஸ்தர் அருவிக்குள்ள நிக்கா. தலைக்கணக்கு சரியா இருக்குன்னு வேற எவளையோ கூட்டிட்டுப் போனா, அவ அம்மை நம்மள வாரியலால அடிக்க மாட்டாளா?"

"என்னையத்தான பேசுதிய?" என்று நீ உள்ளிருந்து கத்தினாய்.

"ஒன்ன வச்சு கெமிஸ்ட்ரி படிக்கோம். நீ குளிட்டி!"

பிறகு கரியை என் கையில் தந்தாள். "கீழ உள்ள சின்ன நம்பரத் தொடாத. ஆள மாத்தக் கூடாது. முன்னால போட்டு எத்தன வேணும்னாலும் கூட்டிக்கோ." 2H₂ + O₂ = 2H₂O. அந்தத் தைரியத்தில்தான் நான் காலேஜில் கெமிஸ்ட்ரி எடுத்தேன். அவளை வீட்டில் அனுப்பவில்லை.

இப்போதும் எண்ணிக்கை சரிதான், எஸ்தர். ஆஸ்பத்திரிக்குள் ஒருத்தி போனாள், வெளியே ஒருத்தி வந்திருக்கிறாள். எனக்குப் போன ஆள்தான் வேண்டும்.

குழந்தைக்குப் புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் இரண்டு பிள்ளைக்குப் பால் இருக்கிறது. இவரிடம் கேட்டேன். "இங்கன கூட்டிட்டு வா, கேக்கவா செய்யணும்?" என்றார். அவள் கோமதி மகளாகவே இருக்கட்டும். அதை நான் மாற்ற மாட்டேன். என் வீட்டில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

உன் தெருவில்தானே இருக்கிறார்கள். கோமதி வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார். சம்மதமென்றால் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன். கையோடு பதில் எழுது.

உன்,
சண்முகவடிவு