மேகத்துக்குள் போன தாய்மாமன்

ஃப்ளெக்ஸ் போர்டு வடிவமைத்துப் பிழைத்த காலத்தில், மவுஸைப் பிடித்தால் மதுரையில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நினைத்திருந்தேன். மின்வெட்டுக்குப் பயந்து முதலாளி வாங்கி வந்த லேப்டாப் அந்தத் திமிரை இறக்கிவிட்டது.

“மவுஸ மாட்டுனா லேப்டாப்புக்கு என்னம்மா மரியாதை? வெரலால தடவு, போதும்” என்றார். அவர் அதில் சீட்டாடுகிறவர், அவருக்குப் போதும். நான் ஒரே போர்டில் அறுபது தலைகளை அடுக்க வேண்டியவள்.

பரவையிலிருந்து ஒரு காதணி விழா போர்டு வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. காலமான பெரியவர்கள் மேலே மேகத்துக்குள், நடுவில் குழந்தை, பக்கத்திலேயே தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள்.

அவர் படத்தைச் சற்று நகர்த்தத் தடவினேன். அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பேட்டரி தீரப்போகிற அவசரத்தில், எங்கே போய் இறங்கியது என்று பார்க்காமலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் சோழவந்தானிலிருந்து வந்த தாய்மாமன், மண்டப வாசலில் தன்னை மேகத்துக்குள் பார்த்திருக்கிறார். நேரே கடைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே குழந்தையின் அப்பா, அழாத குறையாக.

“நான் போய்ச் சேந்து எம்புட்டு நாளாச்சு தாயி?”

அவசரமாக லேப்டாப்பைத் திறந்து அந்தப் போர்டை எடுத்தேன்.

“என்னையக் கீழ எறக்குனாத்தான் நாளைக்கு மடி.”

இறக்கினேன். பாதி வழியில் கைநழுவி மறுபடி மேலே போனார். மூன்று முறை அப்படியே. வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். உள்ளங்கை வேர்த்ததில் விரல் இன்னும் வழுக்கியது.

“தள்ளு தாயி.”

கம்ப்யூட்டரையே தொட்டிராத மனிதர் உட்கார்ந்தார். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிப் பழகிய விரல், அவசரமே இல்லை. மெல்லத் தன்னைக் கீழே கொண்டுவந்து குழந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உயிர் வந்தது போலவும் இருந்தது.

“பெருசாக்க எங்க தொடணும்?”

மூலையைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. மீசை மட்டுமே குழந்தையின் அகலத்துக்கு வளர்ந்த பிறகுதான் கையை எடுத்தார். “இப்பப் போடு” என்று எழுந்து போனார்.

குழந்தையின் அப்பா திரையை உற்றுப் பார்த்தார். பிள்ளையின் இரண்டு காதுகளும் மாமனின் தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தன.

முதலாளி சத்தமில்லாமல் மேசை இழுப்பறையைத் திறந்து மவுஸை எடுத்து என் முன்னால் வைத்தார். குழந்தையின் அப்பா பாய்ந்து என் கையைத் தடுத்தார்.

“வேணாக்கா. காது இல்லாட்டிப் பரவால்ல. மடி வேணும்.”